குணபூசணி டீச்சர் கேட்ட சுவர்

12 ஜூன் 1989, திங்கள்

விடுமுறை முடிந்தது. நாலே முக்காலுக்கு எழுந்து, பிரிக்பீல்ட்ஸிலிருந்து முதல் பஸ், கிள்ளானில் இறங்கி அடுத்த பஸ், தோட்டத்து முனையிலிருந்து பள்ளிக்குச் செம்மண் பாதையில் இருபது நிமிட நடை. பன்னிரண்டு வருஷமாக இதேதான். இரண்டு வாரம் வீட்டில் சொகுசாக இருந்த முழங்கால் இன்று நன்றாகவே வஞ்சம் தீர்த்துக்கொண்டது.

வகுப்பறையில் எதுவும் மாறவில்லை. ஒரே அறை, இரண்டு வகுப்பு. ஐந்தாம் ஆண்டு ஒன்பது பேர் கிழக்குக் கரும்பலகையைப் பார்த்து, ஆறாம் ஆண்டு ஏழு பேர் மேற்குக் கரும்பலகையைப் பார்த்து, முதுகோடு முதுகாக. நடுவில் மூன்றடி இடைவெளி. அதுதான் என் ராஜ்ஜியம். இந்தப் பக்கம் திரும்பினால் கணக்கு, அந்தப் பக்கம் திரும்பினால் மலாய்.

ஆறாம் ஆண்டுக்கு மலாய்க் கட்டுரை. ஆளுக்கொரு வாக்கியம் சொல்லிச் சங்கிலியாகக் கொண்டுபோக வேண்டும். தலைப்பு, பாசார் மாலாம், அதாவது இரவுச் சந்தை. விஜயன் முறை வந்தது. அம்மாவோடு சந்தைக்குப் போனான், மீன் கடை முன்னால் நின்றான், அதோடு சரி. அவன் விழித்துக்கொண்டு நிற்கும்போது பின்னாலிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், ஐந்தாம் ஆண்டு வள்ளியம்மா அடுத்த வாக்கியத்தை மலாயில் சொன்னாள். பதினொரு வயது, பெயரும் பேச்சும் பெரிய மனுஷி மாதிரி. "உன் கணக்கைப் பாரு!" என்று அதட்டினேன். தொண்டை கரகரத்துவிட்டது.

போன வருஷம் எட்டுப் பேர் ஆறாம் ஆண்டு அரசாங்கப் பரீட்சையான யு.பி.எஸ்.ஆர். எழுதினார்கள். மலாயில் தேறி நேராக இடைநிலைப் பள்ளிப் படிவம் ஒன்றுக்குப் போனது ஒரே ஒருத்தி. மற்ற ஏழு பேரும் புகுமுக வகுப்பு. அங்கே ஒரு வருஷம் கூடுதலாக உட்கார வேண்டும். இப்போதே மூன்று பேர் நின்றுவிட்டார்கள். ஒருவன் கிள்ளானில் லோரி கழுவுகிறான். இந்த வருஷம் இந்த ஏழு பேர். பரீட்சைக்குப் பதினைந்து வாரம்.

இந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் ராதாகிருஷ்ணன் சார் சொல்கிறார்: "டீச்சர், அடுத்த வாரம் சிங்கப்பூர்லருந்து காலேஜ் பிள்ளைங்க வராங்க. ரெண்டு வாரம். சேவை." யாருக்குச் சேவை என்று கேட்கவில்லை. கேட்கத் தெம்பில்லை.

13 ஜூன், செவ்வாய்

தொண்டை. கல்லுப்பு, வெந்நீர்.

19 ஜூன், திங்கள்

வந்துவிட்டார்கள். பதினொரு பேர், எல்லாருக்கும் ஒரே மஞ்சள் சட்டை. தோட்டத்து மண்டபத்தில் தங்குகிறார்கள். கொசுக்கடியைக்கூடச் சந்தோஷமாகப் பேசிக்கொள்கிறார்கள். இருபது வயதில் எல்லாமே வேடிக்கைதான்.

அவர்களில் தமிழ்ப் பெண் ஒருத்தி, ரமணி. கையில் நோட்டுப் புத்தகத்தோடு என் வகுப்புக்கு வந்தாள். கடைசிப் பாட நேரம். ஐந்தாம் ஆண்டு வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தது. நான் சொல்லுவதை எழுத வேண்டிய ஆறாம் ஆண்டு, "என்ன டீச்சர்? கேக்கல டீச்சர்" என்று கத்திக்கொண்டிருந்தது. எனக்கோ தலை வெடித்துவிடும் போல இருந்தது.

"டீச்சர், உங்களுக்கு ஒரே ஒரு உதவி செய்யலாம்னா என்ன கேப்பீங்க?"

"இந்த நடுவுல ஒரு சுவர். அது போதும்மா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.

21 ஜூன், புதன்

காலை முழுவதும் ஆட்டம், பாட்டு, கைத்தட்டல், ஆங்கில விளையாட்டு. பிள்ளைகள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எனக்குக் கிடைத்தது இரண்டே பாடவேளை. விஜயன் வந்து, "டீச்சர், கட்டுரை எப்ப டீச்சர்?" என்று காதோடு கேட்டான். பாவம், அவனுக்கும் கவலை வந்துவிட்டது.

வீட்டில் தங்கரத்தினம் அக்கா, எங்கள் வீட்டுத் தமிழில்: "சிங்கப்பூர்ப் பிள்ளையள் வந்து படிப்பிக்கினம் எண்டா நீ ஏன் இன்னும் போறாய்? ரெண்டு கிழமை லீவு போட்டுட்டுப் படுத்துக் கிட." நாற்பது வருஷம் அரசாங்கக் கிளார்க்காக இருந்தவள். அவளுக்கு எதற்கும் லீவுதான் மருந்து.

23 ஜூன், வெள்ளி

வெய் மிங் என்று ஒரு சீனப் பையன், பொறியியல் படிக்கிறானாம், அளவு நாடாவோடு என் வகுப்பை அங்குலம் அங்குலமாக அளக்கிறான். எதற்கு என்று கேட்டால், "சர்ப்ரைஸ், டீச்சர்" என்று பல் தெரியச் சிரிக்கிறான். பெயின்ட் அடிக்கத்தான் இருக்கும்.

27 ஜூன், செவ்வாய்

பெயின்ட் இல்லை. சுவர்!

காலையில் போனபோது நடுவில் மரச்சட்டம் நின்றிருந்தது. மத்தியானத்துக்குள் பிளைவுட் ஏறிவிட்டது. அறையை இரண்டாக வெட்டி, தரையிலிருந்து கூரைக் கட்டை வரை. வராந்தாப் பக்கம் மட்டும் நான் போய் வர ஓர் ஆள் நுழையும் கதவு. பள்ளிக்கு வெளிப்பூச்சு அடிப்பதாக இருந்தார்களாம். என் பேச்சைக் கேட்டு அதை விட்டுவிட்டு இதைச் செய்திருக்கிறார்கள். என்ன சொல்ல? கண்ணில் நீர் வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷத்தில் "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டவர்களே இல்லை. கேட்டு, அதைச் செய்தும் கொடுத்தவர்கள் இந்தச் சின்னப் பிள்ளைகள்தான்.

30 ஜூன், வெள்ளி

வழியனுப்பு விழா. கல்வி இலாகாவிலிருந்து அதிகாரி வந்து ரிப்பன் வெட்டினார். சுவருக்கு இளநீல வண்ணம், ஆறாம் ஆண்டுப் பக்கத்தில் பதினொரு பேர் பெயர்கள். அதற்கு மேலே ஒரு பலகை: "ஆசிரியை குணபூசணி அவர்களின் வேண்டுகோளுக்கிணங்க." ரமணியின் கையெழுத்து. என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். கல்யாணத்தில்கூட என்னை இத்தனை படம் எடுக்கவில்லை. கல்யாணமே நடக்கவில்லை என்பது வேறு விஷயம்.

பஸ் கிளம்பும்போது பிள்ளைகள் அழுதார்கள், ரமணி அழுதாள், நானும்தான்.

3 ஜூலை, திங்கள்

சொர்க்கம். நான் மெதுவாகப் பேசினேன், ஆறாம் ஆண்டுக்குக் கேட்டது. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. சொல்வதெழுதுதலில் ஏழு பேரில் ஐந்து பேருக்கு ஒரு பிழைகூட இல்லை. கல்லுப்பு தேவைப்படவில்லை.

5 ஜூலை, புதன்

சும்மா எண்ணிப் பார்த்தேன். அந்தக் கதவு வழியாக இன்று அறுபத்தொரு தடவை போய் வந்திருக்கிறேன். தொண்டைக்கு ஓய்வு, முழங்காலுக்கு வேலை.

13 ஜூலை, வியாழன்

ஏதோ சரியில்லை. ஒரு வாரமாக என்னவென்று பிடிபடவில்லை. இன்று ஐந்தாம் ஆண்டு மலாய் நோட்டுகளைத் திருத்தும்போதுதான் புரிந்தது.

முன்பெல்லாம் ஐந்தாம் ஆண்டுக்கு நான் சொல்லிக்கொடுக்காத சொற்கள் அவர்கள் கட்டுரையில் இருக்கும். எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. இப்போது அந்தச் சொற்கள் நின்றுவிட்டன. ஒன்பது நோட்டிலும் நான் கொடுத்ததுதான் இருக்கிறது, அதுவும் பாதி தப்பாக. கணக்கைப் பார் கணக்கைப் பார் என்று அதட்டினேனே, அவர்கள் கணக்கைப் போட்டுக்கொண்டே முதுகுக்குப் பின்னால் ஆறாம் ஆண்டுப் பாடத்தையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஆறாம் ஆண்டை இரண்டு தடவை படித்திருக்கிறது, ஒரு தடவை காதால், ஒரு தடவை கண்ணால். இப்போதிருக்கும் ஏழு பேரும் போன வருஷம் அப்படிக் கேட்டவர்கள்தான்.

நான் அதற்கு இரைச்சல் என்று பெயர் வைத்திருந்தேன். சுவர் கேட்டு வாங்கி அதை அடைத்தும்விட்டேன்.

இப்போது என்ன செய்ய? ஆறாம் ஆண்டு நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. பரீட்சைக்குப் பதினொரு வாரம் கூட இல்லை. இரண்டு பக்கமும் ஓட என்னால் முடியாது. ஐந்தாம் ஆண்டுக்குக் கரும்பலகை நிறைய எழுதிப் போட்டுவிட்டு, பார்த்து எழுதச் சொல்லிவிட்டு, ஆறாம் ஆண்டோடு இருக்கப் போகிறேன். இவர்களை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். பார்த்துக்கொள்ளலாமா? தெரியவில்லை. அசதியாக இருக்கிறது.

27 ஜூலை, வியாழன்

ரமணியிடமிருந்து கடிதம். "டீச்சர், சுவர் எப்படி இருக்கிறது? உங்கள் தொண்டை எப்படி இருக்கிறது?" படம் ஒன்றும் வைத்திருக்கிறாள். நானும் சுவரும்.

பதில் எழுதினேன். "மிகவும் பயனாக இருக்கிறது." பொய்யில்லை. உண்மையுமில்லை.

9 ஆகஸ்ட், புதன்

இன்று ஒரு பிள்ளையை அடித்தேன். எழுதக் கை கூசுகிறது.

ஐந்தாம் ஆண்டுப் பக்கம் போனேன். சுவரில், உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில், மூன்று ஓட்டை. காம்பஸ் முனையால் குடைந்தது, கீழே மரத்தூள். எனக்கு வந்ததே கோபம். பிறத்தியார் பிள்ளைகள் வியர்வை சிந்தி, என் பெயரைப் போட்டுக் கட்டிக் கொடுத்தது! "யார் இதைச் செஞ்சது?" என்று கத்தினேன். வள்ளியம்மா எழுந்தாள். கையை நீட்டச் சொல்லி ரூலரால் இரண்டு போட்டேன். அவள் அழவில்லை.

"அந்தப் பக்கம் எட்டிப் பாக்கவா ஓட்ட போட்ட?"

"பாக்க இல்ல டீச்சர். கேக்க."

"என்ன கேக்க?"

"ஆறாம் ஆண்டுக்கு நீங்க சொல்றத. ஒன்னுமே கேக்க மாட்டுது டீச்சர். நாங்க முறை வெச்சுத்தான் கேக்கறோம். ஒரு பாடத்துக்கு மூனு பேரு. கேட்டவங்க மத்தவங்களுக்கு எழுதிக் காட்டணும்."

நோட்டைக் காட்டினாள். நான் சொன்ன மலாய் வாக்கியங்கள், பாதிப் பாதியாக. காதில் விழாத இடத்திலெல்லாம் கோடு போட்டு விட்டிருக்கிறார்கள்.

வெளியே வந்து வராந்தாவில் நின்றேன். என்ன மனுஷி நான்? அந்தப் பிள்ளையள் படிப்பு வேணுமெண்டு சுவரைக் குடையுதுகள், நான் ரூலரைத் தூக்கிக்கொண்டு நிக்கிறன்.

10 ஆகஸ்ட், வியாழன்

காலையில் முதல் வேலையாக வள்ளியம்மாவைக் கூப்பிட்டு, நேற்று அடித்தது தப்பு என்று சொன்னேன். வகுப்பு முழுக்கக் கேட்கத்தான் சொன்னேன்.

"பரவால்ல டீச்சர்" என்றாள். அப்புறம், "பெருசா போடலாமா டீச்சர்?"

ராதாகிருஷ்ணன் சாரிடம் போய், சுவரை எடுத்துவிட வேண்டும் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "டீச்சர், நீங்க கேட்டீங்கன்னு உங்க பேரே போட்டிருக்கு. ஆபீசர் வந்து திறந்து வெச்சது. மொத மொத நம்ம ஆறாம் ஆண்டு அமைதியா படிக்குது. பரீட்சைக்கு ஏழு வாரம் இருக்கறப்ப கலைக்கணுமா?"

அவர் சொல்வதிலும் தப்பில்லை. அதுதான் எரிச்சல். ஏழு பிள்ளைகள் இந்தப் பக்கம், ஒன்பது பிள்ளைகள் அந்தப் பக்கம்.

11 ஆகஸ்ட், வெள்ளி

ஐந்தாம் ஆண்டுப் பெஞ்சுகளைச் சுவரோடு ஒட்டிப் போட்டேன். ஆறாம் ஆண்டுப் பக்கம் நானும் சுவரோரம் நின்று கத்திப் பாடம் நடத்தினேன். ஆக, சுவரும் இருக்கிறது, கத்தலும் இருக்கிறது. கேட்டு வாங்கிய சுகம்.

11 செப்டம்பர், திங்கள்

மூன்று ஓட்டை ஒன்பதாகிவிட்டது. நான் எண்ணுவதோடு சரி.

26 செப்டம்பர், செவ்வாய்

பரீட்சை. விஜயன் வெளியே வந்து, "கட்டுரை பாசார் மாலாம் இல்ல டீச்சர், ஆனா நான் எல்லாரையும் பாசாருக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன்" என்றான். இவனை என்ன செய்ய?

27 அக்டோபர், வெள்ளி

ஐந்தாம் ஆண்டு வருஷக் கடைசிச் சோதனை. மலாயில் ஒன்பது பேரில் தேறியது இரண்டு. போன வருஷம் இதே சோதனையில், இப்போதைய ஆறாம் ஆண்டு, ஏழுக்கு ஐந்து. வள்ளியம்மா தேறியிருக்கிறாள். அது எனக்கு ஆறுதலாக இல்லை. தேறாதவர்கள் ஏழு பேர் பெயரையும் இங்கே எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டேன்.

5 டிசம்பர், செவ்வாய்

ராதாகிருஷ்ணன் சார் வீட்டுக்கே போன் செய்தார். ஏழு பேரில் நான்கு பேர் நேராகப் படிவம் ஒன்று! விஜயனும்! பள்ளி தொடங்கியதிலிருந்து இப்படி நடந்ததில்லையாம். தங்கரத்தினம் அக்கா அடுப்படியில் இருந்து, "என்னடி, ஏன் அழுகிறாய்? ஆரும் செத்துப் போச்சினமோ?" என்று ஓடி வந்தாள்.

போனை வைக்கும் முன் சார் சொன்னார்: "எல்லாம் அந்தச் சுவரு டீச்சர். அடுத்த வருஷம் சிங்கப்பூர்ப் பிள்ளைங்க வந்தா மூனாம் ஆண்டு நாலாம் ஆண்டுக்கு நடுவுல இன்னொன்னு கேட்டுருவோம். நீங்களே ஒரு லெட்டர் எழுதிருங்க."

7 டிசம்பர், வியாழன்

தோட்டத்துக்கே போய் அவரைப் பார்த்தேன். ஐந்தாம் ஆண்டுச் சோதனைத் தாள்களை மேசையில் வைத்தேன், ஒன்பதையும். "சார், அடுத்த வருஷம் பரீட்சை எழுதப் போறது இவங்கதான். அந்த நாலு பேரும் பாஸ் பண்ணினது சுவரால மட்டும் இல்ல. போன வருஷம் சுவர் இல்லாம ஆறாம் ஆண்டுப் பாடத்தக் கேட்டதால. இவங்களுக்கு அது கிடைக்கல. நான்தான் அடைச்சேன்."

அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, "சரி. ஆனா நான் கை வைக்க மாட்டேன் டீச்சர். போட்டவங்க வந்து கழட்டட்டும். நீங்களே கேளுங்க" என்றார்.

இதைவிடச் செம்மண் பாதையில் முழங்காலால் நடக்கச் சொல்லியிருக்கலாம்.

8 டிசம்பர், வெள்ளி

நான்கு தாளைக் கிழித்துப் போட்டு ஐந்தாவதில் எழுதினேன். "அன்புள்ள ரமணி, ஜூலையில் உனக்கு நான் முழு உண்மை எழுதவில்லை. சுவரைக் கேட்டது நான். தப்பு என்னுடையது, உங்களுடையது இல்லை. அதைக் கழற்ற வேண்டும்." ஓட்டைகளைப் பற்றியும் எழுதினேன். ரூலரைப் பற்றியும்.

எதைக் கேட்டு வாங்கினேனோ அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். அந்தப் பிள்ளைகள் மனம் என்ன பாடுபடும்? இனி யார் வீட்டு வாசலிலும் போய் "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்பார்களா?

20 டிசம்பர், புதன்

வந்தார்கள். ரமணியும் வெய் மிங்கும், வேறு யாருமில்லை. ரயிலில் வந்து பஸ் மாறி அந்தச் செம்மண் பாதையை நடந்தே வந்திருக்கிறார்கள். மஞ்சள் சட்டை இல்லை. ரமணி என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக ஐந்தாம் ஆண்டுப் பக்கம் போய், பெஞ்சில் உட்கார்ந்து, ஓர் ஓட்டையில் காதை வைத்தாள். அந்தப் பக்கம் யாருமில்லை, பள்ளி விடுமுறை. இருந்தும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

"நாங்க ரெண்டு வாரம் இருந்தோம் டீச்சர். ஒரு பாடம் முழுசா உங்க வகுப்புல உக்காரல."

"நானே பன்னிரண்டு வருஷம் நின்னுக்கிட்டுத்தானே இருந்தேன். எனக்கே தெரியல" என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

வெய் மிங் ஆணி அடித்திருப்பான் என்று பயந்திருந்தேன். எல்லாம் திருகாணியாம். கழற்றி மாட்ட வசதியாக இருக்கட்டும் என்று அன்றே அப்படிச் செய்தானாம். சத்தம் கேட்டு தோட்டத்து லயத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடி வந்துவிட்டார்கள். வள்ளியம்மா அவன் கையிலிருந்து ஸ்குரூ டிரைவரை வாங்கிக்கொண்டாள். அவன் காட்டிக்கொடுக்க அவள்தான் பாதிக்கு மேல் கழற்றினாள். இரண்டு மணி நேரத்தில் அறை பழையபடி ஆனது.

பிளைவுட்டில் பதினொரு பெயர் உள்ள பாகத்தை வராந்தாவில் பிங்பாங் மேசையாக்கிவிட்டார்கள். ஒன்பது ஓட்டையும் அதில்தான் இருக்கின்றன. பந்து ஓட்டையில் பட்டால் யாருக்குப் புள்ளி என்று இப்போதே சண்டை. என் பெயர் போட்ட பலகையை என்ன செய்வது என்று வெய் மிங் தயங்கினான். என் மேசைக்கு அடியில் போடச் சொன்னேன். கால் வைத்துக்கொள்ளச் சரியான உயரம்.

3 ஜனவரி 1990, புதன்

பள்ளி திறந்தது. வள்ளியம்மாவும் மற்ற எட்டுப் பேரும் மேற்குப் பக்கம் வந்துவிட்டார்கள். கிழக்குப் பக்கம் புது ஐந்தாம் ஆண்டு, ஆறு பேர். முதுகோடு முதுகு. நடுவில் நான்.

தேறாத ஏழு பேரை இந்த ஒன்பது மாதத்தில் தூக்கிவிட முடியுமா? எனக்குத் தெரியவில்லை. முதல் நாளே கட்டுரை தொடங்கிவிட்டேன். தலைப்பு, மழை நாள். முதல் பிள்ளை மழையைக் கொண்டுவந்தது, இரண்டாவது பிள்ளை குடையை மறந்தது, மூன்றாவது வள்ளியம்மா. எழுந்து நின்றாள். வாய் திறந்தாள், வரவில்லை. காத்திருந்தேன்.

பின்னாலிருந்து ஒரு குரல் மெதுவாக அடுத்த வாக்கியத்தை மலாயில் சொன்னது. ஐந்தாம் ஆண்டில் யாரோ. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டே.

வள்ளியம்மா சட்டென்று திரும்பினாள். "உன் கணக்கைப் பாரு!" என்று அதட்டிவிட்டு, உட்கார்ந்து, அந்த வாக்கியத்தை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நான் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன். தொண்டை எரிகிறது. கல்லுப்பு தீர்ந்துவிட்டது, நாளைக்கு வாங்க வேண்டும்.